எண் தேய்ந்துபோன கார்

எங்கள் துறையில் இப்போது வேலையில் இருக்கும் இளைய ஆய்வாளர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களையும் மரியாதைக்காகச் சேர்த்திருக்கிறார்கள். காலை வணக்கப் படங்கள் வருவதைத் தவிர எனக்கு அதனால் பெரிய பிரயோஜனம் கிடையாது. போன மாதம் அதில் ஒரு கேள்வி வந்தது. புதுக் கார் பதிவு செய்ய வருகிறவர்கள், அதை நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று ஒரு விதி வரலாமாம். வந்தால் எப்படி அமல்படுத்துவது, சீனியர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள், சங்க மலரில் போடுகிறோம் என்றார்கள். நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அனுபவம் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்றே, ஆதம்பாக்கத்தில் என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. இரண்டாவது மாடிக்காரர். அவர்கள் வீட்டில் மூன்று கார். ஒன்று அவர்களுக்கு உரிய இடத்தில் நிற்கிறது. இன்னொன்று என் இடத்தில் நிற்கிறது, ஏனென்றால் என்னிடம் கார் இல்லை. மூன்றாவது தெருவில். இப்போது மகனுக்காக நாலாவது வாங்கப் போகிறாராம். மச்சான் பேரில் மேடவாக்கத்தில் ஒரு காலி மனை கிடக்கிறது, அதைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா மேடம் என்று கேட்டார். விதியே இன்னும் வரவில்லை, மனுஷர் அதற்குள் அதைத் தாண்டிக் குதிக்கத் தயாராகிவிட்டார். ஒத்துக்கொள்வார்கள், கவலைப்படாமல் போங்கள் என்றேன். என் அனுபவத்தில் அப்படித்தான் நடக்கும்.

கார்களைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சாயங்கால நேரத்தில் தி.நகரில் பத்து நிமிஷம் நின்றால் யாருக்கும் அது புரியும். ஆனால் குறைப்பதற்கு நாங்கள் செய்ததையெல்லாம் நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. வாழ்நாள் வரியை ஏற்றினார்கள். பழைய வண்டிக்குப் பசுமை வரி என்றார்கள். பதினைந்து வருஷம் ஆனால் மறுபதிவு, அதற்கான கட்டணமும் ஒரேயடியாக ஏறியது. ஒவ்வொரு தடவையும் இனி சாலையில் கார் குறையும் என்று சொல்வார்கள். அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்து வாசலில் பதிவுக்கு நிற்கும் புது வண்டி வரிசை இன்னும் நீண்டிருக்கும். காசுள்ளவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டுப் போவார்கள். நம்பர் பிளேட்டில் அழகான எண் வேண்டும் என்பதற்காக ஒரு சின்னக் கார் விலையைக் கொட்டுகிறவருக்கு இந்த வரியெல்லாம் எந்த மூலைக்கு?

அப்படியானால் அடி யார் மேல் விழுந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வரி. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தேன், ஒரு பணிமனையில் கிரீஸும் கையுமாக இருந்தேன், தேர்வு எழுதித் துறைக்கு வந்தேன். எங்கள் செட்டில் நான் ஒருத்திதான் பெண். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டுமே, புடவையோடு எப்படிம்மா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பேண்ட் என்று ஒரு உடை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே என் பயிற்சிக்காலம் முடிந்தது. பிறகு பல ஊர்கள். கடைசி சில ஆண்டுகள் தென் சென்னையில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரொம்ப சாது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மேஜை ஓரத்தில் ஒரு பிளாஸ்க், அதில் வெந்நீர். நாலாக மடித்த கைக்குட்டை மேல் டம்ளரை வைத்து ஒவ்வொரு வாயாகக் குடிப்பார். எந்தக் கோப்பு போனாலும் ஓரத்தில் பச்சை மையில் ‘பேசுக’ என்று எழுதி அனுப்புவார். நேரில் வந்து விளக்கு என்று அர்த்தம். சரியென்று மாடியேறிப் போய் எதிரில் நின்றால், முழுக்கக் கேட்டுவிட்டு, “எழுத்துல குடுத்துடுங்கம்மா” என்பார். எழுதிக் கொடுத்தால் அதன் ஓரத்தில் மறுபடியும் ‘பேசுக’ வரும். லஞ்சம் வாங்க மாட்டார், யாரையும் திட்ட மாட்டார், எதையும் முடிவு செய்யவும் மாட்டார். கோபக்கார அதிகாரியிடம் வேலை பார்த்துவிடலாம். இவரிடம் கோபப்படுவதற்குக்கூட ஒரு பிடி கிடைக்காது.

ஆரோக்கியம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். சாந்தோம் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு. அவர் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து அங்குள்ள மாதா கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பம். தொழில் ஆக்டிங் டிரைவர், அதாவது கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போய் அவர்கள் காரை ஓட்டிவிட்டு வருவது. மயிலாப்பூர், அடையாறு என்று பாதிப் பெரிய வீட்டுக் கார்கள் அவர் கை பட்டவை. அவருக்கென்று இருந்தது ஒரு சின்ன வெள்ளைக் கார் மட்டும். அதுவும் அவர் ஆசைக்கு வாங்கியது இல்லை. மகள் ஷீலாவுக்குச் சின்ன வயதில் முதுகுத் தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. அவளுக்காக, பழக்கமான ஒரு வீட்டில் விற்ற பழைய காரை வாங்கி, முன்பக்க இடது சீட்டைக் கதவுப் பக்கம் திரும்புகிற மாதிரி மாற்றியிருந்தார். சக்கர நாற்காலியிலிருந்து அவளே கையை ஊன்றி நகர்ந்து சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். யாரும் தூக்க வேண்டாம். இந்த மாற்றத்துக்கும் முறையாக அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருந்தார். ஷீலாவுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை. அந்தக் கார் இருந்தால்தான் அந்த வேலை.

காருக்குப் பதினைந்து வருஷம் முடியப் போகிறது, மறுபதிவுக்குக் கொண்டுவந்தார். மறுபதிவில் ஆய்வாளர் முதலில் பார்ப்பது பிரேக்கை இல்லை, விளக்கை இல்லை, சேசிஸ் எண்ணை. வண்டியின் உடம்பிலேயே கம்பெனி தட்டிப் பதித்த எண் அது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துப் பூசினால் எழுத்தெல்லாம் தாளில் எழும்பி வரும். பிரிண்ட் எடுப்பது என்போம். ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்று என்றால், திருட்டு வண்டி இல்லை, இது அதேதான் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பிரேக், ஸ்டியரிங், அடிப்பாகம் எல்லாம். இந்த வண்டியில் எண் இருந்த இடம் இடது சீட்டுக்கு அடியில், தரைத் தகட்டோடு சேர்ந்த குறுக்குச் சட்டத்தில். கார்ப்பெட்டில் சதுரமாக ஒரு துண்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்தேன். வெள்ளித் தட்டு மாதிரிப் பளபளவென்று இருந்தது. பென்சிலால் பூசினேன். வழவழவென்று கறுப்புதான் வந்ததே தவிர, எண்ணைக் காணோம். முதல் எழுத்தும் கடைசியில் ஒரு ஏழும் நிழலாகத் தெரிந்தன, அவ்வளவுதான். யார் இதைத் தேய்த்தது என்று கேட்டேன்.

“நான்தான் மேடம்,” என்றார் ஆரோக்கியம் பெருமையாக. “ஒரே துரு புடிச்சிக்கினு இருந்துச்சு. உங்களுக்கு பிரிண்ட் சுத்தமா வரணும்னு நேத்து பூரா உக்காந்து எமரி பேப்பர் போட்டேன்.”

இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. திருட்டு வண்டிக்காரன் எண்ணை அழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வாளருக்கு மரியாதை செய்வதாக நினைத்து எண்ணை அழித்த மனுஷரை அன்றுதான் பார்த்தேன். அத்தனை வருஷம் அடுத்தவர் காரைத் துடைத்துப் பளபளப்பாக்கியே பேர் வாங்கியவர். துருவைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. விஷயம் என்னவென்று நான் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

எண் அழிந்த வண்டிக்கு வழி இருக்கிறது. என்ஜின் எண்ணையும் மற்ற அடையாளங்களையும் சரிபார்த்து, காவல்துறையிடம் விசாரித்து, அதே எண்ணைப் புதிதாகத் தட்டிப் பதிக்க அனுமதி கொடுக்கலாம். மற்றதெல்லாம் பொருந்துகிறது, நல்லெண்ணத்தில் செய்த தவறு, மறுபதிப்புக்கு அனுமதிக்கலாம், இடைப்பட்ட காலத்தில் வண்டியின் தகுதியை ஆய்வு செய்ய உத்தரவிடலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ‘பேசுக’ என்று வந்தது. போனேன். வெந்நீர் ஒரு வாய் குடித்தார்.

“எல்லாம் சரிம்மா. தகுதி ஆய்வுன்னு எழுதியிருக்கீங்களே, எந்த வண்டிக்கு?” என்றார்.

அந்த வெள்ளைக் காருக்குத்தான் என்றேன்.

“அது எந்த வண்டின்னே இன்னும் முடிவாகலையேம்மா. எண் இல்லாத வண்டியை என்னன்னு சொல்லி ஆய்வு பண்ணுவீங்க?”

நானும் வாதாடிப் பார்த்தேன். வண்டி கீழே கண்ணெதிரே நிற்கிறது, அடியில் படுத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும் என்றேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பச்சை மை மறுபடி வந்தது. விசாரணைக் கடிதம் ஒரு பக்கம் போனது, பதில் வேறு பக்கம் போனது. மாதங்கள் ஓடின. நடுவில் பதிவுக் காலமும் முடிந்துவிட்டது. இனி அந்தக் காரைச் சாலையில் எடுக்கவே கூடாது.

எடுக்காமல் எப்படி இருப்பார்? சில நாள் ஆட்டோவில் அழைத்துப் போய்ப் பார்த்தார். ஆட்டோவில் அவளைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், சக்கர நாற்காலியை வைக்க இடமில்லை. வேலைக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் பெரிய சாலைகளைத் தவிர்த்து, சந்து சந்தாக அந்தக் காரிலேயே தேனாம்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டார். இரண்டு தடவை போலீஸிடம் மாட்டி அபராதமும் கட்டினார். ஒருநாள் மந்தைவெளி சிக்னலில் என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்தக் கார் நின்றது. அவர் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்குக்குள் முகத்தைப் புதைக்காத குறை. நானும் எதிர்ப்பக்கக் கடைப் பலகையைப் படிக்க ஆரம்பித்தேன்.

பிறகு ஒருநாள் ஷீலாவே வந்தாள். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் அறை மாடியில், லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு பெண் காத்திருக்கிறாள், கொஞ்சம் இறங்கி வர முடியுமா சார் என்று மேலே போய்க் கேட்டேன். மனுவாக எழுதி வாங்கச் சொன்னார். அதே காலையில், ஃபேன்சி நம்பர் வாங்கிய அடையாறுக்காரர் ஒருவரைக் கார் வரைக்கும் வந்து வழியனுப்பியவர் அவர். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஷீலா சீட்டைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பதினஞ்சு வருஷத்துல வண்டியைக் கொண்டாந்து காட்டணும்னு எதுக்கு ரூல் வெச்சிருக்காங்க?”

“பழைய வண்டி ஓட்டுறதுக்குப் பத்திரமா இருக்கான்னு பார்க்கத்தாம்மா.”

“அப்போ பாருங்களேன். வண்டி இங்கதானே நிக்குது.”

எண் சரியாகாமல் பார்க்கக் கூடாது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. ஷீலா சிரித்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருவழியாக மறுபதிப்புக்கு அனுமதி வந்தது. என் முன்னிலையில் செய்ய வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய் எண் தட்டும் உளிகளோடு வந்தார். எங்கள் அலுவலகத்துக்கு இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அவர்தான் வருவார். முடிந்ததும் அப்படியே வேலைக்குப் போய்விடலாம் என்று ஷீலாவும் வந்திருந்தாள். மர நிழலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஏதோ ஞானஸ்நானத்துக்கு வந்தவர் மாதிரி.

சுத்தியல் வீச இடம் வேண்டும் என்று காதர் பாய் சீட்டைக் கழற்றினார். நாலு போல்ட்டில் ஒன்று திருகுவதற்கு முன்பே கையோடு வந்துவிட்டது. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஆரோக்கியம் தேய்த்த இடம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதில் முதல் எழுத்துக்கான உளியை நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினார். ணங்கென்று சத்தம் வர வேண்டும். சொத்தென்று வந்தது. உளி பாதி வரை உள்ளே போய்விட்டது. அவர் அதை உருவியதும் ஓட்டை வழியாகக் கீழே தரையில் கிடந்த சருகு தெரிந்தது.

“இன்னா மேடம் இது,” என்றார் பாய் மெதுவாக. “இதுல தட்டுறதுக்கு இரும்பே இல்லியே.”

நான் கார்ப்பெட்டைக் கிழித்து எடுத்தேன். அடியில் முழுக்க ஈரம். ஆரோக்கியம் தினமும் காலையில் காரை உள்ளும் புறமும் கழுவுகிறவர். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. அது கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கித் தேங்கித் தகட்டை அப்பளமாக்கியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன், குத்திய இடமெல்லாம் உள்ளே போனது. சீட்டைத் தாங்கிய சட்டமே போய்விட்டது. ஒரு பெரிய பள்ளத்தில் காரை இறக்கியிருந்தால், இல்லை பின்னால் ஏதாவது ஒரு வண்டி இடித்திருந்தால், சீட்டோடு அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? முதல் நாளே என்னை அடியில் படுக்க விட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். வண்டி பத்திரமா என்று பார்க்கத்தான் அந்த விதி. அத்தனை மாதம் யாரையும் பார்க்க விடாமல் செய்ததும் அதே விதிதான்.

“வெல்டிங் போட்டுக்கலாமா மேடம்?” என்று ஆரோக்கியம் கேட்டார்.

வெல்டிங் பிடிப்பதற்கு நல்ல இரும்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். வாகனம் தகுதியற்றது, சாலையில் இயக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு எதையும் எழுத எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். கோப்பு மேலே போனது. அன்று சாயங்காலத்துக்குள் ஒப்புதலோடு திரும்பி வந்தது. இல்லை என்று சொல்ல எங்கள் மேலதிகாரிக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஷீலா வீட்டுக்குப் போக வேண்டுமே. காரை அங்கிருந்து ஓட்டக் கூடாது என்று சொன்னவளே நான்தான். வாசலில் போன ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். ஆரோக்கியம் கழற்றி வைத்த சீட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், எழுந்து வரவில்லை. காதர் பாய் கால் பக்கம் பிடித்துக்கொள்ள, நான் அவளை அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அலுவலக வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரும் தூக்காமல் தானே ஏறி இறங்கிப் பழகிய பெண். முகத்தை என் தோளில் மறைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இத்தினி மாசம் இந்த ஓட்டை மேல உக்காந்துதான் மேடம் வேலைக்குப் போனேன். நீங்கல்லாம் நம்பரைத் தேடிக்கிட்டு இருந்தீங்க.”

அவளை ஆட்டோவில் உட்கார வைத்து, துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அந்த வேலை அவளுக்குப் போய்விட்டது. பிறகு வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி குறைந்த சம்பளத்தில் ஒன்று கிடைத்தது. வேறு பழைய கார் வாங்கினால் இதே கதை, புதுக் கார் என்றால் விலையும் வரியும் எட்டாத தூரம். இப்போதுதான் புதுக் காருக்குக் கடன் தர ஒருவர் சம்மதித்திருக்கிறார் என்று போன வாரம் ஃபோன் செய்திருந்தாள். காரை நிறுத்த இடம் காட்டச் சொல்வார்களாமே மேடம், எங்க சந்துல வண்டி நுழையாதே, கோயில் சுவர் ஓரமா நிறுத்துறதுக்கு யார் சான்று குடுப்பாங்க என்று கேட்டாள். எங்கள் குடியிருப்பில் என் இடம் இருக்கிறது, ஆனால் சாந்தோமுக்கும் ஆதம்பாக்கத்துக்கும் நடுவில் அவளை யார் தூக்கிக்கொண்டு போவது? விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, விதியை எப்படி அமல்படுத்துவது என்று என்னைக் கேட்காதீர்கள். மாடிக்காரருக்கு நாலாவது காரும் வந்துவிடும், அதைத் தடுக்க உங்களால் முடியாது. இத்தனை வருஷத்தில் என் கையெழுத்தால் சென்னைச் சாலையிலிருந்து நிச்சயமாகக் குறைந்த கார் என்று எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. அது ஷீலாவுடையது. ஆண்டறிக்கை எழுதும்போது அதையும் சாதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.